முப்பத்தெட்டாம் பக்கத்துத் தலைப்பு

நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. ஆனால் என் வாய்க்கு அந்தச் சேதி இன்றுவரை தெரியாது. வாய் எதையாவது செய்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். பிறகு கலங்குவது வயிறு, நடுங்குவது கால். ஒரே ஒரு தடவை வாய் சும்மா இருந்து, கை அந்த வேலையைச் செய்தது. அந்தத் தடவை பட்ட பயம் இந்த வயதிலும் என்னை விட்டுப் போகவில்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் திண்டுக்கல்லில் ஒரு சின்ன அச்சாபீசில் கம்பாசிட்டர். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வரியாக அடுக்குகிற வேலை. சாணார்பட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து கன்னியர் மடத்துப் பள்ளியில் படிக்க வந்தவள், அங்கேயே இந்த வேலையையும் கற்றுக்கொண்டு டவுனிலேயே வாழ்க்கைப்பட்டும் விட்டேன். வீட்டுக்காரருக்கு ரயில்வேயில் வேலை, மாதத்தில் பாதி நாள் ஊரில் இருக்க மாட்டார். அச்சாபீசில் நாங்கள் மொத்தம் நாலு பேர்: முதலாளி, போர்மேன், மெஷின்மேன், நான்.

போர்மேனை எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். ஐம்பத்தைந்து வயது இருக்கும். சிரிப்பில் கஞ்சம், வேலையில் சுத்தம். அவர் வருவதற்கு முன்னால் அந்த அச்சாபீசில் ஒரு கல்யாணப் பத்திரிகை, மணமகள் பெயருக்குக் கீழே 'இதைக் கொஞ்சம் பெரிதாகப் போடவும்' என்ற வரியோடு அச்சாகி ஊர் முழுக்கப் போய்ச் சேர்ந்ததாம். எழுதிக் கொடுத்தவர் கம்பாசிட்டருக்குச் சொன்னதை, கம்பாசிட்டர் கல்யாண வீட்டுக்குச் சொல்லிவிட்டார். பாய் வந்துதான் அதற்கு ஒரு வழி செய்தார்.

கையெழுத்துப் பிரதியில் சிவப்புப் பென்சிலால் ஒரு சாய்கோடு போடுவார். கோட்டுக்குப் பின்னால் ஒரே ஓர் எழுத்து இருக்கும். அந்த எழுத்தை அச்சுக் கோக்கக் கூடாது, அது சொல்கிற வேலையைச் செய்ய வேண்டும். கோடு போட்டு 'எ' என்றால் அந்த இடத்தில் பக்க எண். 'க' என்றால் கட்டுரையின் பெயர். 'ந' என்றால் வரி நடுவில் நிற்க வேண்டும். புத்தக வேலை வந்தால் ஒவ்வொரு பக்கத்துக்கும் தலைப்பு எழுதிக்கொண்டிருக்க மாட்டார். முதல் தாளின் உச்சியில் இடது பக்கத்துக்கு ஒரு வரி, வலது பக்கத்துக்கு ஒரு வரி, கோடுகளோடு எழுதிக் கொடுத்துவிடுவார். அறுபது பக்கமானாலும் அந்த இரண்டு வரியை வைத்தே ஒவ்வொரு பக்கத்துக்கும் உரிய தலைப்பை நாங்கள் வரவழைத்துக்கொள்வோம். வாசகத்திலேயே சாய்கோடு வந்தால் என்ன செய்வீர்கள் என்று ஒருநாள் வம்புக்குக் கேட்டேன்.

"ரெண்டு கோடு போடு தாயி. மொதக் கோடு ரெண்டாவதைக் காப்பாத்தும்" என்றார். இரண்டு கோடு வந்தால் ஒரே ஒரு கோட்டை அச்சுக் கோக்க வேண்டும் என்று அர்த்தம்.

இப்படி மூளை உள்ள மனிதருக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்தது. நான் வேலைக்குச் சேர்ந்தபோதே மங்கல், மூன்று வருஷத்தில் ஆள் நிற்பது தெரியும், யார் என்பது குரல் வந்தால்தான் தெரியும் என்ற அளவுக்கு வந்துவிட்டது. அவருடைய அண்ணன் கண் ஆபரேஷனுக்குப் போய் இருந்த பார்வையையும் தொலைத்துவிட்டு வந்ததிலிருந்து ஆஸ்பத்திரி என்றாலே அவருக்குப் பயம். பெட்டியில் எந்த எழுத்து எந்த அறையில் என்பது அவர் விரலுக்குத் தெரியும் என்பதால் கோக்கிற வேலையைச் சமாளித்துவிட்டார். ஆனால் மெஷினில் ஏற்றுவதற்கு முன் எடுக்கிற கடைசிப் புரூஃபைப் போர்மேன் படித்துக் கையெழுத்துப் போட்டாக வேண்டும். அதை நான் படித்தேன். திருத்தங்களை நானே செய்தேன். பிறகு அவர் கையைப் பிடித்துத் தாளின் மூலையில் வைப்பேன், கையெழுத்துப் போடுவார்.

இது எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும். முதலாளிக்குத் தெரிந்தால் மறுநாளே சீட்டுக் கிழிந்துவிடும். கண் தெரியாத போர்மேனை எந்த அச்சாபீசும் வைத்துக்கொள்ளாது. அவர் சம்பளத்தை நம்பி வீட்டில் ஆறு பேர் இருந்தார்கள். மெஷின்மேன் ஒன்றும் கண்டுபிடிக்க மாட்டார். அவருக்கு மை எல்லா இடத்திலும் ஒரே கறுப்பாக விழுந்தால் போதும், என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பற்றிக் கவலையே கிடையாது.

அந்தச் சமயத்தில்தான் ஒட்டன்சத்திரத்திலிருந்து மணிவிழா மலர் வேலை வந்தது.

காய்கறிக் கமிஷன் மண்டி வைத்திருந்த ஒரு பெரியவருக்கு அறுபது நிறைகிறது. அறுபத்து நாலு பக்கத்தில் மலர். வலது பக்கத் தலைப்பில் கட்டுரையின் பெயர் வரலாம். ஆனால் இடது பக்கம் ஒவ்வொன்றின் தலையிலும் தன் பட்டமும் பெயரும் இருந்தே தீர வேண்டும் என்பது அவருடைய உத்தரவு. அவர் பெயர் இங்கே வேண்டாம். எங்கள் பக்கத்து விவசாயிகள் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. யாருடைய கத்திரிக்காய்க் கூடை வந்தாலும் நடுவில் கைவிட்டு ஒரு காயை எடுத்து ஒடிப்பாராம். "சொத்தை" என்பாராம். விலை பாதியாக இறங்கிவிடும். அதனால் முதுகுக்குப் பின்னால் அவருக்குச் சொத்தையார் என்று பெயர். டவுனில் விலை இல்லாத ஒரு வருஷம் என் அப்பாவும் இரண்டு மூட்டையை அங்கே கொண்டுபோய்ச் சொத்தை என்று கேட்டுவிட்டு வந்தார். அன்றைக்கு அப்பா சாப்பிடவில்லை. தராசைப் பற்றி ஏதோ கேட்ட ஒருவரை மண்டி ஆட்கள் தூணில் கட்டி வைத்தார்கள் என்றும் ஒரு பேச்சு உண்டு. உண்மையா பொய்யா எனக்குத் தெரியாது. எனக்குப் பயப்பட உண்மை தேவையில்லை.

பட்டம்தான் முடிவாகவில்லை. முதலில் வள்ளல் என்று போடச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்து லாரி டிரைவரிடம் சேதி வந்தது, வள்ளல் பட்டம் பக்கத்து மண்டிக்காரர் ஏற்கனவே வைத்துக்கொண்டிருக்கிறார், கொடைக்கோமான் என்று மாற்றவும். பிறகு அதுவும் வேண்டாம் என்றார்கள். பாய் கையெழுத்துப் பிரதியில் கோடு போட்டு 'ப' என்று எழுதிவிட்டார். பட்டம் வரும்போது வரட்டும், அதுவரை அந்த இடம் பிடித்து வைக்கப்பட்டிருக்கும்.

இடம் பிடித்து வைப்பதற்கும் எங்களிடம் ஒரு முறை உண்டு. ஈய எழுத்துகளைத் தலைகீழாகக் குத்தி வைப்போம். புரூஃப் எடுத்தால் அந்த இடத்தில் எழுத்தின் அடிப்பாகம் கறுப்புக் கட்டையாக விழும். எவ்வளவு அவசரத்தில் பார்த்தாலும், இங்கே இன்னும் ஏதோ வர வேண்டியிருக்கிறது என்று கண்ணில் அடிக்கும். இடது பக்கம் ஒவ்வொன்றிலும் முதலில் அப்படித்தான் குத்தி வைத்துக்கொண்டு வந்தேன்.

நாலாவது சேதி வந்த அன்று எனக்கு எரிச்சல் மூக்குக்கு மேல் ஏறிவிட்டது. முப்பத்தெட்டாம் பக்கத்தைக் கோத்துக்கொண்டிருந்தேன். பட்டத்தின் இடத்தில் எழுத்தைத் தலைகீழாகக் குத்தாமல், நேராகவே 'சொத்தையார்' என்று கோத்து வைத்தேன். யாருக்கும் காட்டவில்லை. நானே பார்த்து நானே சிரித்துக்கொண்டேன். அப்பா சாப்பிடாமல் படுத்த நாளுக்கு அது ஒரு சின்ன வட்டி என்று தோன்றியது. பட்டம் வந்ததும் எல்லாப் பக்கத்திலும் மாற்றத்தானே போகிறோம்.

கடைசியில் அறச்செம்மல் என்று முடிவாயிற்று. இடது பக்கங்களை எல்லாம் வரிசையாக எடுத்துத் தலைகீழ் எழுத்துகளைப் பிடுங்கிவிட்டு அறச்செம்மலைப் போட்டேன். ஆனால் முப்பத்தெட்டாம் பக்கம் அந்த வரிசையில் இல்லை. அதில் வர வேண்டிய போட்டோவை அச்சடிக்கிற உலோகப் பிளாக் மதுரையிலிருந்து வராததால், அந்தப் பக்கத்தை மட்டும் கயிறு கட்டி ஜன்னலோரம் தனியாக வைத்திருந்தோம். பிளாக் வந்த அன்று மெஷின் காலியாக நின்றது, முதலாளி கத்திக்கொண்டிருந்தார். அவசர அவசரமாகப் பக்கத்தை இரும்புச் சட்டத்துக்குள் பூட்டிப் புரூஃப் எடுத்தோம். நான் கட்டுரையைப் படித்தேன், போட்டோவுக்குக் கீழே பெயர் சரியா என்று பார்த்தேன். பக்கத் தலைப்பை யார் படிப்பார்கள்? எல்லாப் பக்கத்திலும் ஒன்றேதானே. கறுப்புக் கட்டை எதுவும் விழுந்திருக்கவில்லை, அதனால் கண்ணும் அங்கே நிற்கவில்லை.

"முழுக்கப் படிச்சிட்டியா தாயி?" என்று பாய் கேட்டார்.

"படிச்சிட்டேன் பாய்" என்றேன்.

அவர் கையெழுத்துப் போட்டார்.

மலர்க் கட்டுகள் ஒட்டன்சத்திரம் லாரியில் ஏறிப் போன அன்று மதியம், மெஷின்மேன் வீணான தாள் ஒன்றைக் கிழித்து உருளையைத் துடைத்துக்கொண்டிருந்தார். கிழியாமல் கீழே கிடந்த பாதியில் என் கண் பட்டது. முப்பத்தெட்டு என்ற எண். அதற்குப் பக்கத்தில் என் கையால் கோத்த அந்த வார்த்தை, கொழுகொழுவென்று நல்ல கறுப்பாக. அதற்கு அடுத்தாற்போல் மரியாதையாகப் பெரியவருடைய முழுப்பெயர். அதற்கும் பிறகு 'மணிவிழா மலர்'.

தாளை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். நூறு இல்லை, இருநூறு இல்லை, ஐந்நூறு பிரதி. மூன்றாம் நாள் விழா. பழனியிலிருந்தும் தாராபுரத்திலிருந்தும் பெரிய மனிதர்கள் வருவார்கள், ஆளுக்கொரு மலர் கொடுப்பார்கள். ஒருவர் கண்ணில் பட்டால் போதும். பெரியவர் முதலாளியைக் கூப்பிடுவார். முதலாளி புரூஃபை எடுப்பார். அதில் பாயின் கையெழுத்து இருக்கும். இவ்வளவு பெரிய எழுத்து எப்படிய்யா கண்ணில் படாமல் போச்சு என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே நுணல் நான், கெடப்போவது பாய்.

அப்போதே அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். மூன்று முறை அவர் மேஜைவரை போனேன். மூன்று முறையும் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன். அவர் முகத்தில் அந்தச் சேதி விழுவதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அவ்வளவுதான் காரணம், வேறு நியாயம் எதுவும் சொல்ல மாட்டேன்.

சாயங்காலம் முதலாளிக்குச் சேதி வந்தது. பெரியவர் மலரைப் பார்த்துவிட்டாராம், அச்சுக் கோத்தவர்கள் நேரில் வர வேண்டுமாம். எதற்கு என்று சேதி கொண்டுவந்த லாரி டிரைவருக்குத் தெரியவில்லை. முதலாளி பாயைப் போகச் சொன்னார். பாய் தனியாகப் பஸ் ஏற முடியாது, போர்டு தெரியாது. "நீயும் வா தாயி" என்றார்.

எல்லாரும் போன பிறகு அன்று சாயங்காலமே ஒரு காரியம் செய்தேன். சரியான தலைப்பு வரியை ஆறு முறை ஒன்றன்கீழ் ஒன்றாகக் கோத்து, மலருக்குப் போட்ட அதே தாளில், கையால் இழுக்கிற புரூஃப் மெஷினில் அடித்து எடுத்தேன். வீட்டில் உட்கார்ந்து கத்தரிக்கோலால் ஐந்நூறு சீட்டு வெட்டினேன். மைதா மாவில் பசை காய்ச்சித் தூக்குவாளியில் ஊற்றி, மேலே வாழையிலை போட்டு மூடினேன். எங்கே எப்படி ஒட்டப்போகிறேன் என்று யோசிக்கவே இல்லை. பயந்தவளுக்குக் கை சும்மா இருந்தால் பயம் இரட்டிப்பாகும்.

மறுநாள் காலை பழனி பஸ்ஸில் பாய் ஜன்னலோரம், நான் பக்கத்தில். மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பதை அந்தப் பிரயாணத்தில்தான் முழுசாகப் புரிந்துகொண்டேன். என் மடியில் பசையும் ஐந்நூறு அறச்செம்மலும் இருந்தன. கண்டக்டர் தூக்கில் என்னக்கா என்று கேட்டதற்கே எனக்கு வேர்த்துவிட்டது. பாய் நல்ல சட்டை போட்டிருந்தார். வேலை பிடித்துப்போய்த்தான் கூப்பிட்டிருப்பார்கள் என்றார். நான் ஆமாம் என்றேன். ரெட்டியார்சத்திரம் தாண்டும்போது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். கண்ட கண்ட இடத்தில் நீளுகிற என் வாய், வேண்டிய இடத்தில் மூடிக்கொண்டது.

பெரியவர் வீட்டு முன்னறையில் எங்களை நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். நான் நினைத்திருந்த ஆள் இல்லை அவர். குள்ளமாக, வெள்ளை மீசையோடு, காலை மடக்கிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கையில் மலர் இருந்தது. அதைத் திறக்காமல் அட்டையைத் தடவிக்கொண்டே இருந்தார். அவருக்குப் பின்னால் மருமகள் நின்றாள், இருபது வயது இருக்கும். வாசலில் மண்டி ஆட்கள் இரண்டு பேர். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய், அந்த இரண்டு பேரின் கையிலும் கயிறு இருப்பதாகவே எனக்குத் தோன்றியது. இருந்தது காய்கறி மூட்டை தைக்கிற சணல்.

அவர் பேச ஆரம்பித்த பிறகுதான் எங்களை ஏன் கூப்பிட்டார் என்று தெரிந்தது. அவருக்கு வாசிக்கத் தெரியாது. கையெழுத்துப் போட மட்டும் கற்றுக்கொண்டிருந்தார். கணக்குப்பிள்ளை எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொன்னானாம், ஆனால் அவன் எதற்கும் அப்படித்தான் சொல்வானாம்.

"ஏனுங்க பாய், ஒவ்வொரு ஏட்டுலயும் என்ற பேரு தலைமேல இருக்கோணும்னு சொன்னனுங்க. அதை அச்சடிச்சவங்க வாயால கேக்கோணும். தலைப்ப மட்டும் வாசிங்க. ஒண்ணையும் உடாதீங்க."

மலரைப் பாயின் கையில் கொடுத்தார். நான் எழுந்து, ஐயா நான் வாசிக்கிறேன் என்றேன். இருக்கட்டும் அம்மிணி, பாயே வாசிக்கட்டும் என்று கையமர்த்திவிட்டார்.

பாய் மலரைப் பிரித்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது என்பது அந்த அறையில் எனக்கு மட்டும் தெரியும். முப்பத்தெட்டாம் பக்கத்தில் இருப்பதை அவர் அறியார் என்பதும் எனக்கு மட்டும் தெரியும். அவர் கொஞ்சமும் தடுமாறவில்லை. இடது பக்கம் என்றால் இரட்டை எண், இரண்டிரண்டாகக் கூட்டிக்கொண்டே போனால் போதும். தலைப்பு ஒன்றேதான். "ரெண்டாம் பக்கம், அறச்செம்மல்" என்று தொடங்கிப் பெயரையும் மணிவிழா மலரையும் சொன்னார். தாளைத் திருப்பினார். "நாலாம் பக்கம், அறச்செம்மல்." விரலை வரியின்மேல் வைத்து நகர்த்திக்கொண்டே போனார். பக்க எண்ணில் சேராத, போட்டோ மட்டும் உள்ள வழுவழுத் தாள் வந்ததும் விரல் நின்றது. "இது படம், தலைப்பு இல்லை" என்று அதையும் தாண்டினார். பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மருமகள் பாயின் தோளுக்குப் பின்னால் நகர்ந்து வந்து, புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு வாசிக்கத் தெரியும் என்பது அவள் கண் போகிற வேகத்திலேயே தெரிந்தது.

முப்பத்திரண்டு. முப்பத்துநாலு. முப்பத்தாறு. சாணார்பட்டியில் எங்கள் ஊர்த் தெய்வத்துக்கு என்னென்னவோ நேர்ந்துகொண்டேன். பாய் தாளைத் திருப்பினார்.

"முப்பத்தெட்டாம் பக்கம், அறச்செம்மல்" என்றார். அவருடைய விரல் அந்தக் கெட்ட வார்த்தையின்மேல் மெதுவாக ஊர்ந்து போயிற்று.

மருமகளின் கண் அந்த விரலோடு ஊர்ந்தது. நின்றது. பிறகு பாயின் முகத்தைப் பார்த்தாள், அதன் பிறகு என்னைப் பார்த்தாள். பாய் நாற்பதாம் பக்கத்துக்குப் போய்விட்டார். அவளும் கண்ணை அடுத்த தாளுக்குத் திருப்பிக்கொண்டாள்.

அறுபத்து நாலு முடிந்ததும் பெரியவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கே கூச்சமா இருக்குதுங்க என்றார். ஒரு புதுத் துண்டை எடுத்துப் பாயின் தோளில் போட்டார். சாப்பிட்டுவிட்டுச் சாயங்கால பஸ்ஸுக்குத்தான் போக வேண்டும் என்று கட்டாயப்படுத்தினார். பாய்க்கு முன்னறையிலேயே இலை போட்டார்கள். மருமகள் என்னைக் கை கழுவக் கூட்டிப்போவது போலக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போய் ஓர் அறைக்குள் விட்டு, தானும் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். மலர்க் கட்டுகள் அத்தனையும் அங்கே இருந்தன. அறை முழுக்க வெங்காய வாடை.

"ஏனுங்கக்கா, அந்தப் பாய்க்குக் கண்ணு தெரியாதுங்களா?" என்றாள்.

நான் அழுதுவிட்டேன். அவள் காலில் விழாத குறைதான். கோத்தது நான், படித்ததும் நான், அவர் ஒரு பாவமும் செய்யவில்லை, அவர் வேலை போய்விடும் என்று உளறினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். இந்தப் பெயரை அவள் இதுவரை கேள்விப்பட்டதில்லையாம். கல்யாணமாகி வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. ஊர் முழுக்க இப்படித்தான் சொல்லுதுங்களா என்று கேட்டாள். பிறகு என் தூக்கைக் கையால் காட்டி, அதில் என்ன என்று கேட்டாள்.

இரண்டு பேரும் எதிரெதிராக உட்கார்ந்து ஒட்டினோம். அவள் முப்பத்தெட்டாம் பக்கத்தைப் பிரித்துக் கொடுப்பாள், நான் பசை தடவிச் சீட்டை வைப்பேன், அவள் துணியால் ஒற்றி எடுப்பாள். பெரியவர் கையில் இருந்த பிரதியையும் எதையோ சொல்லி வாங்கி வந்தாள். வெளியே காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் பசைத் தூக்கை முந்தானையால் மூடினேன். பொழுது சாயும்போது வேலை முடிந்தது. கிணற்றடியில் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். நான் சாப்பிடவே இல்லை என்று அவளுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்து, இரண்டு வாழைப்பழம் கொடுத்தாள்.

பஸ்ஸில் பாய் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. புதுத் துண்டை மடித்து மடித்துப் பார்த்தார். ஒரு எழுத்துத் தெரியாமல் அறுபத்து நாலு பக்கம் வாசித்துக் காட்டிவிட்டேன் பார்த்தாயா என்று என் காதோரம் குனிந்து சொல்லிச் சிரித்தார். எனக்குப் பயம் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. அப்படியே விட்டிருந்தால் முழுக்க இறங்கியிருக்கும். டிக்கெட்டை அவர் கையில் கொடுத்தேன். அவர் என் கையை அப்படியே பிடித்துக்கொண்டார்.

"கையில பசை வாடை அடிக்குதே. எதை ஒட்டுன?"

அச்சாபீசில் முப்பது வருஷம் இருந்த மூக்கு அது. எந்தக் கிணற்றுத் தண்ணீரும் அதை ஏமாற்றாது. சொல்லிவிட்டேன், எல்லாவற்றையும். அந்த வார்த்தையைச் சொன்னபோது அவருக்குச் சிரிப்பு வந்தது. "சொத்தையாரா?" என்றார். நானும் சிரிக்கப் பார்த்தேன். அதற்குள் அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

"காலைல பஸ் ஏறும்போதே ஒனக்குத் தெரியும்."

"தெரியும் பாய்."

"நான் அந்தாளு முன்னால வெரலை வச்சு வாசிச்சப்பயும் தெரியும். அந்தப் பிள்ளைக்கும் தெரிஞ்சிருச்சு. எனக்கு மட்டும் தெரியாது."

பயமாக இருந்தது பாய் என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? உண்மையும் அதுதான். அவர் திண்டுக்கல் வரும்வரை ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஜன்னலில் ஒன்றும் தெரியாது. இறங்கும்போது கை கொடுத்தேன். கம்பியைத் தடவிப் பிடித்துக்கொண்டு அவரே இறங்கினார். கடைசியாகச் சொன்னது இவ்வளவுதான்:

"கண்ணு போனது அல்லா செஞ்சது தாயி. அதுக்கு நான் யாரையும் கோவிக்கல."

விழா நன்றாக நடந்தது. ஒரு புகாரும் வரவில்லை. விழாவுக்கு மறுநாள் காலை பாய் நேராக முதலாளி அறைக்குப் போனார். தன் கண் போய் இரண்டு வருஷம் ஆகிறது, இனிமேல் புரூஃபில் கையெழுத்துப் போட முடியாது என்று சொன்னார். முப்பத்தெட்டாம் பக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் படித்துக் கொடுத்ததையும் சொல்லவில்லை. நான் கதவோரம் நின்று, இப்போது சொல்வார், இதோ சொல்வார் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். முதலாளி வருத்தப்பட்டார், நாலு நல்ல வார்த்தை சொன்னார், அனுப்பிவிட்டார். நான் உள்ளே போய் என் குற்றத்தைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் இரண்டு வேலையும் போகும், சொல்லாவிட்டால் ஒன்றுதான் போகும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்த வாரமே போர்மேன் மேஜையை எனக்குக் கொடுத்தார்கள்.

பாய்க்கு வரும் கடிதங்கள் அச்சாபீஸ் விலாசத்துக்குத்தான் வரும். ஒரு மாதம் கழித்துப் பள்ளபட்டியில் கட்டிக்கொடுத்த மூத்த மகளிடமிருந்து ஒன்று வந்தது. அவள் பிரசவத்துக்கு நாள் எண்ணிக்கொண்டிருக்கிறாள் என்று எல்லாருக்கும் தெரியும். சேதி சொல்லி அனுப்பினேன். அவர் உடனே வந்துவிட்டார், தனியாக, சுவரைத் தொட்டுத் தொட்டு. கடிதத்தைக் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். வீடு போய்ச் சேரும்வரை பொறுக்க முடியாது என்பது அதை அங்கேயே பிரித்ததிலேயே தெரிந்தது. கொடுங்கள் பாய், நான் வாசிக்கிறேன் என்று கையை நீட்டினேன்.

அவர் என் மேஜையைக் கடந்து மெஷின் சத்தம் வந்த பக்கம் போனார். மெஷினை நிறுத்தச் சொன்னார்.

"இதைச் செத்த வாசிச்சுச் சொல்லுப்பா" என்று மெஷின்மேனிடம் கடிதத்தை நீட்டினார்.

மெஷின்மேன் கையை உடுப்பில் துடைத்துவிட்டு வாங்கினார். அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். அன்... புள்ள... அத்... தா... வுக்கு. ஒவ்வொரு வார்த்தைக்கும் பாதியில் நின்று, திரும்பி வந்து, மறுபடி தொடங்கினார். குழந்தை பிறந்ததா, மகள் நன்றாக இருக்கிறாளா என்பது கடிதத்தில் எங்கோ கீழே இருந்தது. நான் கையை நீட்டியபடியே சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு புரூஃபை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டேன்.

கடிதம் ஒரு பக்கம்தான். வாசித்து முடிக்க அரைமணி நேரம் ஆனது. பாய் நின்றுகொண்டே கேட்டார்.